மூடிய கண்களை நகலெடுத்தல்

மென்மையான படம் வரைய மென்மையான பிரஷ்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் முதல் நகல் கெட்டுப்போனது அதனால்தான்.

ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட படம் ஓதிலோன் ரெதோன் 1890-ல் வரைந்த 'மூடிய கண்கள்'. பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்னப் படம்தான், 44 செ.மீ. உயரம், 36 செ.மீ. அகலம். நீர்ப்பரப்புக்கு மேலே தோள்வரை தெரியும் ஓர் உருவம், சாய்ந்த தலை, மூடிய இமைகள். அவ்வளவுதான். சுலபமாகத்தான் இருக்கும்னு தோணுச்சு.

முகத்துக்கு வண்ணத்தைத் தாராளமாகப் பூசி, ஈரம் காயும் முன்பே பட்டுப் போன்ற பிரஷால் எல்லா ஓரங்களையும் தேய்த்துக் கலைத்தேன். சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தால், கடை வாசலில் நிற்கும் மெழுகு பொம்மை! கனவு மாதிரி எதுவும் இல்லை.

மறுபடி மூலத்தின் பெரிய பிரதியை உற்றுப் பார்த்தேன். ரெதோன் பெயின்ட்டை அப்பவே இல்லை. வண்ணம் அவ்வளவு மெலிசு, கேன்வாஸின் நெசவு அப்படியே தெரிகிறது. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஐம்பது வயதுவரை அவர் பெரும்பாலும் கரித்துண்டிலும் லித்தோகிராஃபிலும் வேலை செய்தவர். கரியில் வெளிச்சம் வேண்டுமென்றால் வெள்ளை பூச மாட்டோம். துடைத்து எடுப்போம், காகிதமே வெளிச்சமாகிவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் அவர் எண்ணெய் வண்ணத்தையும் தொட்டார் என்று எனக்குப் படுகிறது.

அதனால் இரண்டாவது நகலுக்கு டர்பன்டைனை ஊற்றி வண்ணத்தைத் தண்ணியாக்கினேன். அதுவும் தப்பு. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகித்தான் படலமாகிறது. டர்பன்டைன் மிஞ்சினால் நிறமியைப் பிடித்து வைக்க எண்ணெய் போதாது. காய்ந்தபின் விரலால் தடவினேன், கன்னம் விரலோடு வந்துவிட்டது.

மூன்றாவது தடவைதான் கொஞ்சம் பிடிபட்டது. இதில் வேடிக்கை, எடுத்தது பன்றிமுடியில் செய்த முரட்டு பிரஷ். துளி வண்ணம் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தைக் காய்ந்த கேன்வாஸில் லேசாக உரசணும். வண்ணம் நெசவின் மேடுகளில் மட்டும் ஒட்டும்; பள்ளங்களில் அடிவண்ணம் எட்டிப் பார்க்கும். தள்ளி நின்றால் கண்ணே இரண்டையும் கலந்துகொள்கிறது. அந்தப் படலம் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் திரும்பவும் மெழுகு பொம்மை.

இன்னொன்று. வழக்கமாக முகம் வரையும்போது கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் போதும், உயிர் வந்துவிடும். இங்கே அந்தக் குறுக்குவழி கிடையாது. என்னை அறியாமல் அதை ஈடுகட்ட மூக்கு நுனியில் பளீரென்று வெள்ளை வைத்திருந்தேன். போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூலத்தில் முகத்தின் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரம் நான் போட்டதைவிட ரொம்பக் குறைவு. வெள்ளையைச் சுரண்டி எடுத்தேன். இமைகள் அப்போதுதான் மூடின.

உதடு இன்னும் சரியாக வரவில்லை. அந்தப் படலம் காய்ந்துகொண்டிருக்கிறது, நாளை மறுநாள் தொடணும்.