சிறைத் தண்டனையும் நீதிமன்றச் சீராய்வும்

பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை யாது? கோவலனுக்கு விதித்த தண்டனை கடியது என்பது மட்டும் அன்று. பொற்கொல்லன் கூறியதைக் கேட்ட மன்னன், குற்றம் சுமத்தப்பட்டவனை ஒரு சொல்லும் கேட்டிலன். சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்த இச்செய்தியே, இயற்கை நீதி என்று இக்காலச் சட்டம் கூறும் கொள்கையின் உயிர்நிலை. குற்றச்சாட்டு இன்னதென ஒருவன் அறிதல் வேண்டும். விடை கூற அவனுக்கு வாய்ப்பு வேண்டும். தீர்ப்பவர் நடுநிலை பிறழாதவராக இருத்தல் வேண்டும். இக்கொள்கை சிறை மதிலையும் கடந்து உள்ளே செல்லுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிறைக்குள் ஒழுங்கு மீறிய கைதியைச் சிறை அதிகாரியே விசாரித்துத் தண்டிக்கலாம். தனியறையில் அடைத்தல், சலுகைகளை நிறுத்துதல், நன்னடத்தைக்காகக் கிடைக்கும் தண்டனைக் கழிவைக் குறைத்தல் ஆகியன அத்தகைய தண்டனைகள். கழிவு குறைந்தால் வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகும். ஆதலின் இதனைச் சிறு செய்தி எனத் தள்ளுதல் இயலாது. குற்றம் கண்டவரும் சிறை அலுவலர், சாட்சி கூறுபவரும் சிறை அலுவலர், தீர்ப்பவரும் சிறை அலுவலர் என்னும் நிலை அங்கே எளிதில் ஏற்படும். தோட்டப்புறத்தாருக்கு இது விளங்காததன்று. கங்காணி குறை கூற, துரையே கேட்டுத் துரையே தீர்த்த காலத்தை முதியோர் மறந்திலர்.

இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் நெடுங்காலம் இவ்வழக்குகளில் தலையிடத் தயங்கின. 1976-ஆம் ஆண்டில் ஹல் சிறையில் பெருங்கலகம் மூண்டது. அதன்பின் சிறைப் பார்வையாளர் குழு பலருக்குக் கழிவு இழப்பைத் தண்டனையாக விதித்தது. அம்முடிவுகளைச் சீராயும் அதிகாரம் தமக்கு உண்டென மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது 1978-இல். சாட்சிகளை அழைக்க இடந்தராமையாலும், பிறர் வாய்க் கேட்ட செய்தியை முறையின்றி ஏற்றமையாலும் சில முடிவுகள் பின்னர் நீக்கப்பட்டன. சிறை ஆளுநரின் முடிவும் சீராய்வுக்கு உட்பட்டதே என்பதைப் பிரபுக்கள் சபை 1988-இல் லீச் வழக்கில் உறுதிசெய்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் உல்ஃப் வழக்கில் வேறொரு நுட்பத்தையும் கண்டது. கடுந்தண்டனைக்குரிய குற்றச்சாட்டை விசாரணைக்கு 24 மணி நேரமேனும் முன்னதாக எழுத்தில் தருதல் வேண்டும் என்றது. எழுதப் படிக்க அறியாத கைதி பிறர் துணையை நாடலாம் என்றும் கூறியது. எழுத்தறியாதவனிடம் எழுத்தில் அறிவித்தல் அறிவித்தலாகாது என்பது ஆசிரியருக்கு விளக்க வேண்டிய செய்தியன்று.

இந்தியாவில் மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, சக கைதி ஒருவர் சிறைக் காவலரால் வதைக்கப்பட்டதை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1979 டிசம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பின்படி, தனிச்சிறை, கூடுதல் கடுவேலை, உணவுக் குறைப்பு முதலிய தண்டனைகள் செஷன்ஸ் நீதிபதியின் ஆய்வின்றி விதிக்கப்படலாகா; அவசரமாயின் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவித்தல் வேண்டும். பாலக்காட்டில் 1915-இல் பிறந்த கிருஷ்ண ஐயர், 1948-இல் ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையில் இருந்தவர்; 1957-இல் கேரள அமைச்சராகிச் சிறைத்துறையையும் நடத்தியவர். சிறையின் இரு பக்கங்களையும் கண்டறிந்தவர் அவர்.

மலாயாவிலும் இக்கொள்கைக்கு வேர் உண்டு. காவல்துறை இன்ஸ்பெக்டர் சுரிந்தர் சிங் கண்டா வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரைக் கடுமையாகக் குறைகூறிய விசாரணைக் குழுவின் அறிக்கை, தீர்த்த அதிகாரியிடம் இருந்தது, அவரிடம் தரப்படவில்லை. அந்நாளில் இறுதி மேல்முறையீட்டு இடமாயிருந்த இலண்டன் பிரிவி கவுன்சில், 1962-இல் அந்நீக்கம் செல்லாதென்றது. தன்மீது கூறப்பட்டது இன்னதென்று அறியாதவன் எங்ஙனம் விடையிறுப்பான்?

சீராய்வு வேறு, மேல்முறையீடு வேறு. தண்டனை மிகையா, குறைவா என மேல்முறையீடு எடைபோடும். அதிகாரி தம் வரம்புக்குள் நின்று முறைப்படி கேட்டாரா என்று நோக்குவது சீராய்வு. முறை பிறழ்ந்திருப்பின் முடிவு நீக்கப்படும். மீண்டும் முறையாக விசாரித்து அதே தண்டனையை விதித்தலும் கூடும்.

பேராவில் 1879-இல் எழுந்த தைப்பிங் சிறையில், 2025 ஜனவரி 17 அன்று நேர்ந்த நிகழ்ச்சியில் கைதி ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். மனித உரிமை ஆணையமாகிய சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது. ஆணையம் உண்மையை ஆராய்ந்து பரிந்துரைக்கும்; ஓர் அதிகாரியின் முடிவைச் செல்லாததாக்கும் ஆற்றல் நீதிமன்றத்திற்கே உண்டு. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உயர் நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஆயினும் சீராய்வுக்கு முதலில் அனுமதி பெறுதல் வேண்டும். முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் விண்ணப்பித்தல் வேண்டும். வழக்கறிஞரும் பொருளும் இல்லாத கைதிக்கு மூன்று மாதம் விரைவில் கழியும். சட்டம் கதவைத் திறந்து வைத்திருப்பதோடு அமையாது. அக்கதவு வரையில் வர அவனுக்கு வழியும் இருத்தல் வேண்டும். சுனில் பத்ராவுக்கு அவ்வழி ஒரு கடிதமாயிற்று. அதனை எழுத அவர் அறிந்திருந்தார். படிக்க ஒரு நீதிபதி இருந்தார்.