மாற்றுச் சிறுநீரகமும் மறக்கக் கூடாத பரிசோதனையும்

கொச்சங்காடியில் எங்கள் அடுத்த தெரு அன்பர் ஒருவர் பதினாறு ஆண்டுகளாக மாற்றுச் சிறுநீரகத்துடன் நலமாக இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் கீழுதட்டில் ஒரு புண். "வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டது சார். கிரியேட்டினின் சரியாகத்தானே இருக்கிறது!" என்றார். ஒன்றரை மாதமாகியும் புண் ஆறவில்லை. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

ரயில்வேயில் கீமேன் என்றொரு தொழிலாளி உண்டு. தினமும் தண்டவாளத்தின் மேல் நடந்து கோளாறு பார்ப்பார். ஆபத்தென்றால் சிவப்புக் கொடி காட்டுவார். உடலின் எதிர்ப்புச் சக்தியும் அவரைப் போலத்தான். நெறி தவறி வளரும் செல்களை அழிக்கும், வைரஸ்களை அடக்கும். ஆனால் பிறர் தந்த சிறுநீரகத்தையும் அந்நியமென்று தாக்கும். 1954இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர். அதனால் சிக்கல் எழவில்லை. மற்றவர்களுக்கு டாக்ரோலிமஸ், அசாத்தியோபிரின் போன்ற மாத்திரைகள் வேண்டும். அதாவது, கீமேனுக்குப் பாதி விடுப்பு கொடுக்கிறோம்.

இதனால் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்காகிறது. நிணநீர்ச் சுரப்பி, தோல், உதடு, பெண்களுக்குக் கருப்பை வாய் ஆகியவை முக்கிய இடங்கள். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் உள்ளவர்களுக்குக் கல்லீரலும் சேரும். வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்று குறைவுதான். இல்லையென்று சொல்ல முடியாது.

கிரியேட்டினின் சிறுநீரகத்தின் நிலையை மட்டுமே சொல்லும். எனவே ஆண்டுக்கொரு முறை தோல், உதடு, வாய் முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள். கருப்பை வாய், மார்பகம், பெருங்குடல் பரிசோதனைகளை எப்போது செய்வதென்று அவரிடமே கேளுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் கட்டி, காரணமற்ற காய்ச்சல், எடை குறைவு, சிறுநீரில் ரத்தம், மூன்று வாரம் ஆறாத புண் இவற்றில் எது கண்டாலும் தாமதம் வேண்டாம். வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். புகையிலை அறவே கூடாது.

இதைப் படித்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! சிறுநீரகமே போய்விடும். அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டரின் பொறுப்பு.

நம் அன்பரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். புற்றுதான், ஆனால் தொடக்க நிலை. சிறு அறுவையோடு முடிந்தது. "மற்றவர்களுக்கும் எழுதுங்கள் சார்" என்றவர் அவரே. வெற்றிலைப் பெட்டியையும் ஒழித்துவிட்டார்.