தோற்ற படை, வென்ற படை – 5: கொசுவும் சணலும்

1942 மே. மழை பிடித்துவிட்டது. இம்பாலுக்கு வரும் சாலையோரம் நின்று, தன் படையின் கடைசி வரிசை நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம். ஜப்பானியரிடம் தோற்று, பர்மாவின் தெற்கிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் பின்வாங்கி வந்தவர்கள். எலும்பும் தோலுமாக, கந்தல் உடுப்போடு வந்தார்கள். துப்பாக்கியை மட்டும் விடவில்லை. பர்மாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்களிலும் மற்ற இந்தியர்களிலும் பலர் அந்த வருஷம் அதே மலைப்பாதையில் மூட்டை முடிச்சோடு தப்பி வந்தார்கள்.

அந்தத் தோல்விக்கான காரணங்களைப் போன வாரம் பார்த்தோம். 1943 கடைசியில் புதிய 14-வது ராணுவம் ஸ்லிம்மின் கைக்கு வந்தது. படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். கூர்க்காக்களிடம் ஸ்லிம் அவர்கள் மொழியிலேயே பேசுவார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அவர் 'அங்கிள் பில்'.

பர்மிங்ஹாமில் வளர்ந்த இரும்புச் சாமான் வியாபாரியின் மகன் அவர். பட்டாளத்துக்கு வருமுன் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். குழாய் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். கணக்குப் புத்தகம் அவருக்குப் புதிதல்ல.

ஆஸ்பத்திரிக் கணக்கைப் புரட்டியபோது தலை சுற்றியது. 1943-இல், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவருக்கு, நோயில் விழுந்து அங்கே போனவர்கள் 120 பேர். முதல் பழி மலேரியாவுக்கு. நோயாளியை இந்தியாவின் உட்பகுதிக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே போர்முனைக்கு அருகிலேயே மலேரியாச் சிகிச்சைக் கூடாரங்கள் எழுந்தன. மலேரியாவைத் தடுக்க தினமும் மெபாக்ரின் மாத்திரை கட்டாயம். தோல் மஞ்சளாகும், 'ஆண்மை போய்விடும்' என்ற வதந்தி வேறு. சிப்பாய்கள் மாத்திரையை வாயில் அடக்கித் துப்பினார்கள்.

ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது மாத்திரை தின்றிருக்காவிட்டால் பட்டாலியன் தலைவருக்கு வேலை போகும். மூன்று பேருக்குப் போனது. மற்றவர்கள் வழிக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்தது சாப்பாடு. ரோடு இல்லாத காட்டில் அரிசியும் குண்டும் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும். பட்டு பாராசூட் கிடைக்கவில்லை. ஒன்றின் விலையோ 20 பவுண்டுக்கு மேல். சணலில் செய்து தர முடியுமா என்று கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் ஸ்லிம் கேட்டார். ஒரு மாதத்துக்குள் சணல் பாராசூட் தயார். விலை ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். ஆளைத் தாங்காது, அரிசி மூட்டையைத் தாங்கும். முறைப்படி மேலிடம் வழியாகக் கேட்கவில்லை என்று அவருக்குக் குட்டு விழுந்ததுதான் மிச்சம்.

1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பாலை நோக்கி நகர்ந்தபோது, மாத்திரைக்கும் சணலுக்கும் பரீட்சை வந்தது. எதிரணியில் நேதாஜியின் படையும் இருந்தது. அதில் மலாயா தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களும் இருந்தார்கள்.

(அடுத்த வாரம்: முற்றுகையில் இம்பால்)