'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு மனசு சொல்லும்போது

ராயகிரியில இருந்து பேசுறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்குச் சாயங்காலம் நம்ம தெருவுல நடந்து பாருங்க. ஏதாவது ஒரு வீட்டுல சத்தமே இருக்காது. உள்ள ஒரு பிள்ளை சுவரைப் பாத்து உக்காந்துக்கிட்டு, மனசுக்குள்ள ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருக்கும்: "நான் எதுக்கும் லாயக்கில்ல."

நாம போய், "தைரியமா இரு, எல்லாம் சரியாப் போயிரும்"னு சொல்றோம். அன்பாத்தான் சொல்றோம். ஆனா அந்த வரி அசையாது. அது உண்மையான்னு இதுவரைக்கும் யாருமே கேக்கலையே!

அப்படிக் கேக்கச் சொன்னவர்தான் நியூயார்க்ல ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒரு உளவியலாளர். 1955-ல ஒரு சிகிச்சை முறையைத் தொடங்குனாரு. சம்பவத்துக்கும் வேதனைக்கும் நடுவுல ஒரு நம்பிக்கை உக்காந்திருக்கு, அதைப் பிடிக்கணும்னு சொன்னாரு. கணக்குல ஃபெயில், இது சம்பவம். சாப்பாடு இறங்கல, வெளிய தலைகாட்ட முடியல, இது விளைவு. நடுவுல இருக்கிறது, "நான் பாஸாகியே தீரணும், இல்லன்னா என் பிறப்பே வீண்." பாஸாகணும்னு ஆசைப்படலாம், அதுக்காக உழைக்கலாம். ஆசை கட்டளையா மாறுற இடத்துலதான் மனசு ஒடிஞ்சு போகுது. தோத்தா வருத்தம் வரும், வரட்டும். அதை யாரும் துடைச்சு எடுக்க வேண்டியதில்ல.

1960-கள்ல ஃபிலடெல்ஃபியாவுல ஆரன் பெக்னு ஒரு மனநல மருத்துவர். மனச்சோர்வுல இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி எண்ணங்கள் தன்னால வந்து போறதைக் கவனிச்சாரு. சட்டுனு வரும், உண்மைன்னே தோணும். அதைப் பேப்பர்ல எழுதிப் பாக்கிற வழக்கம் அவரோட சிகிச்சையில முக்கியமான ஒண்ணு.

ஒரு பொண்ணை உதாரணத்துக்கு வச்சுக்குவோம். நோட்டுல முதல்ல அந்த வரியை எழுதுறா. எவ்வளவு நம்புற? "90 சதவீதம்." அதுக்கு என்ன ஆதாரம்? கணக்குல 28 மார்க். எதிரா ஏதாவது இருக்கா? இங்கதான் பேனா நிக்கும். அவசரப்படுத்தாதீங்க, கொஞ்ச நேரம் ஆகட்டும். தமிழ்ல 81. மத்த பாடம் எல்லாம் பாஸ். அப்புறம் மெதுவா ஒண்ணு எழுதுறா: எலுமிச்சைத் தோட்டத்துக் கூலிக் கணக்கை வாராவாரம் அப்பாவுக்கு நான்தான் எழுதித் தர்றேன்.

இப்ப புது வரி: "இந்தத் தடவை கணக்குப் பாடத்துல ஃபெயில். துணைத்தேர்வு இருக்கு." பாருங்க, இதுல புகழ்ச்சியே கிடையாது. "நான் மகா கெட்டிக்காரி"ன்னு எழுதுனா அடுத்த நிமிஷமே மனசு அதைத் தள்ளிரும். பழைய வரியை இப்ப எவ்வளவு நம்புற? "50." போதும். நாளைக்கும் எழுதணும்.

துணைத்தேர்வுன்னு சொன்னேன்ல, அதையும் பேசணும். முன்னால ஃபெயிலானா ஒரு வருஷம் வீணாப் போகும். இப்ப அந்த வருஷமே எழுதிக் காலேஜ்ல சேரலாம். இதுக்காக வாதாடுனவங்கள்ல ஒருத்தர், சென்னையில ஸ்நேகாங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்குன மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஒரு வருஷம் உண்மையிலேயே பறிபோகும்போது "நினைப்பை மாத்திக்கோ"ன்னு பிள்ளைகிட்ட மட்டும் சொல்றது அநியாயம். மாத்த வேண்டியதை வெளியிலயும் மாத்தணும்.

அடுத்தது, நாலு பேர் என்ன சொல்லுவாங்கங்கிற பயம். எல்லிஸ் இதுக்கு ஒரு பயிற்சி வச்சிருந்தாரு. வாழைப்பழத்துல கயித்தைக் கட்டி, நாய்க்குட்டியை இழுத்துட்டுப் போற மாதிரி தெருவுல இழுத்துட்டுப் போகச் சொல்லுவாரு! வெக்கப்பட்டா செத்துர மாட்டோம்னு நேர்ல தெரிஞ்சுக்கத்தான். நம்ம ஊர்ல அவ்வளவு வேண்டாம். ரிசல்ட்டுக்கு மறுநாள் கடைக்குப் போயிட்டு வாங்க. கேக்கிறவங்ககிட்ட முகத்தைப் பாத்து, "கணக்குல போச்சு அத்தை, திரும்ப எழுதப்போறேன்"னு சொல்லுங்க. அத்தை ரெண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வாங்க. வலிக்கும். அதைத் தாங்கிக்க முடியுதுன்னு அன்னிக்குத்தான் தெரியும்.

பெத்தவங்களுக்கு ஒரு விஷயம். அந்த நோட்டைப் பிடுங்கிப் படிக்காதீங்க. "நீ நினைக்கிறது தப்பு"ன்னு அடிச்சும் பேசாதீங்க. "எதை வச்சு அப்படிச் சொல்ற?"னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காருங்க.

வாழவே வேண்டாம்ங்கிற எண்ணம் தலைகாட்டுனா நோட்டை மூடிருங்க, அது எழுதித் தீக்கிற விஷயம் இல்ல. 14416-க்குக் கூப்பிடுங்க, டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். பாளையங்கோட்டையில திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. பிள்ளையைத் தனியா பஸ் ஏத்தி விடாதீங்க, கூடவே போங்க.