நோகாமல் கொல்ல ஒரு சட்டம்

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்பது பழைய விவாதம். ஐக்கிய அமெரிக்காவில் அதற்குள்ளே இன்னொரு விவாதம் நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. கொல்வதென்றால் எப்படிக் கொல்வது?

கொடூரமான தண்டனை கூடாது என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம். தூக்குக் கயிற்றைவிட நாகரிகமான வழி தேடி மாநிலங்கள் சட்டம் இயற்றின. 1888இல் நியூயோர்க் மின்சாரக் கதிரையைத் தேர்ந்தெடுத்தது. 1890இல் அதில் முதலாவதாக இருத்தப்பட்ட வில்லியம் கெம்லர் முதல் மின்பாய்ச்சலில் சாகவில்லை. மீண்டும் பாய்ச்ச வேண்டியதாயிற்று. 1924இல் நெவாடா நச்சுவாயுவைப் பயன்படுத்தியது. 1977இல் ஒக்லஹோமா விஷ ஊசிக்குச் சட்டம் செய்தது. 1982இல் டெக்சாஸ் அதை முதலில் நிறைவேற்றியது.

ஊசி என்றால் வைத்தியசாலை ஞாபகம் வரும். ஆனால் நடப்பது என்ன? வழமையான முறையில் மூன்று மருந்துகள். முதலாவது மயக்கும், இரண்டாவது உடலை முடக்கும், மூன்றாவது இதயத்தை நிறுத்தும். மயக்கம் சரியாக ஏறாவிட்டால், உள்ளே நெருப்பாய் எரிந்தாலும் கைதியால் விரலைக்கூட அசைக்க முடியாது. இரண்டாவது மருந்து நோவைத் தீர்ப்பதில்லை; பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைக்கிறது.

இதை எதிர்த்துக் கைதிகள் வழக்காடினர். 2015இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பளித்தது. ஒரு முறையை எதிர்க்கும் கைதி, வேதனை குறைந்த வேறொரு முறையைத் தானே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். தன்னைக் கொல்லும் வழியைத் தானே எழுதிக் கொடுக்கும் நிலை!

அலபாமாவின் கென்னத் ஸ்மித்துக்கு நடந்தது இதுவே. 1988இல் கூலிக்காக ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கில் குற்றவாளியானவர் அவர். ஊசியை எதிர்த்த அவர், மாற்று வழியாக நைதரசன் வாயுவைக் காட்டினார். 2022 நவம்பரில் ஊசியேற்ற முயன்றவர்கள், பலமுறை குத்தியும் நாளம் அகப்படாமல் கைவிட்டனர். 2024 ஜனவரி 25ஆம் திகதி முகமூடி மாட்டி நைதரசனால் கொன்றனர். உலகில் இம்முறையில் நிறைவேற்றப்பட்ட முதல் மரண தண்டனை அது. அவர் சில நிமிடங்கள் துடித்ததாக நேரில் கண்டவர்கள் கூறினர். எதிர்பாராதது எதுவும் நடக்கவில்லை என்றனர் அதிகாரிகள்.

இதில் மறக்கப்பட்ட விடயம் ஒன்றுண்டு. 1996இல் 12 ஜூரர்களில் 11 பேர் ஸ்மித்துக்கு ஆயுள் தண்டனையே போதும் என்றனர். நீதிபதி அதை ஒதுக்கிவிட்டு மரண தண்டனை விதித்தார். நீதிபதிகளின் அந்த அதிகாரத்தை அலபாமா 2017இல் நீக்கியது. ஆனால் பழைய தீர்ப்புகளைப் புதிய சட்டம் தொடவில்லை.

கயிறா, கதிரையா, ஊசியா, வாயுவா என்று நீதிமன்றங்கள் வருடக்கணக்காக வாதம் கேட்டன. அந்த 11 பேரின் குரல் மட்டும் எடுபடாமலே போயிற்று.