அண்ணாச்சி பின் சீட்டுக்குப் போனார்!

சவுதியில் கார் ஓட்டிய அனுபவத்தைப் பற்றி எழுது என்றால் முதல் வரி இப்படித்தான் வர வேண்டும்: நான் உயிரோடு இருக்கிறேன்!

இத்தனைக்கும் உயிர் பயம் என்பது எனக்குப் பழகின சமாச்சாரம். சொந்த ஊர் விஸ்வநத்தம். சிவகாசிக்குப் பக்கம். திரும்பின திசையெல்லாம் பட்டாசு ஆபீஸ். (எங்கள் பக்கம் ஃபாக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்... அந்தக் கணக்கில் எங்கள் ஊரில் அத்தனை பேருமே ஆபீஸ் போகிறவர்கள்தான்!) அப்படிப்பட்ட ஊர்க்காரனையே நடுங்க வைத்தது தம்மாம் ரோடு.

2003-ல் தம்மாமில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு அக்கவுண்டன்ட்டாகப் போனேன். அங்கே ரோட்டில் வலது பக்கம் போக வேண்டும்; ஸ்டீயரிங் இடது பக்கம். முதல் வாரம் பழக்க தோஷத்தில் வலது கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட் மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் தேடியிருக்கிறேன். பார்க்கிங்கில் நின்ற எகிப்துக்காரர் சிரிக்காமல், "டிரைவர் வரட்டும், வெயிட் பண்ணு" என்றார்.

ஹைவேயில் நூற்றிருபதில் போய்க்கொண்டிருப்பீர்கள். கண்ணாடியில் ஒரு புள்ளி தெரியும். மூன்று எண்ணுவதற்குள் அந்தப் புள்ளி ஒரு லேண்ட் குரூசராகி, உங்கள் டிக்கியை முட்டுகிற மாதிரி வந்து நின்று, ஹெட்லைட்டை அணைத்து அணைத்து எரிக்கும். 'ஒதுங்கு' என்று அர்த்தம். ஒதுங்க இடமில்லையே என்று நீங்கள் யோசிப்பதற்குள் ரோட்டோர மண்ணில் இறங்கிப் போய்விடும். ஓட்டுகிறவனுக்கு இருபது வயசுகூட இருக்காது. இது போதாதென்று 'தஃப்ஹீத்' என்று ஒரு விளையாட்டு. நல்ல ஸ்பீடில் வண்டியைக் குறுக்கே திருப்பி, டயர் தேயத் தேய, பம்பரம் மாதிரி சுழற்றுவார்கள். வேடிக்கை பார்க்க இரண்டு பக்கமும் கும்பல். சினிமா தியேட்டர் கிடையாது, வேறு பொழுதுபோக்கு கிடையாது, பெட்ரோலோ தண்ணீரைவிட மலிவு. 2015 வரைக்கும் சாதா பெட்ரோல் லிட்டர் 45 ஹலலா, அதாவது அரை ரியால்கூட இல்லை. பையன்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

ரம்ஜான் மாசத்தில் நோன்பு திறப்பதற்கு முந்தின அரை மணி நேரம் ரோட்டுக்குப் போகவே கூடாது. ஊரே வீட்டைப் பார்த்துப் பறக்கும். ஆனால் அதே நேரத்தில் சிக்னலில் சின்னப் பையன்கள் நின்று பேரீச்சம்பழமும் மோரும் தண்ணீர் பாட்டிலும் ஜன்னல் வழியாகத் திணிப்பார்கள். நீ யார், எந்த மதம், எந்த ஊர், ஒரு கேள்வி கிடையாது. அந்த ஊரைத் திட்ட ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேரீச்சம்பழம் ஞாபகம் வந்து தொலைக்கும்.

2010-லிருந்து 'சாஹிர்' என்று ரோட்டில் கேமரா வைக்க ஆரம்பித்தார்கள். பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ். கொஞ்ச நேரத்தில் செல்போனில் அபராதம். இப்போது சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 3,000 ரியால். பையன்களிடம் கொஞ்சம் அடக்கம் வந்தது என்றால் அதற்கு அந்த ஃப்ளாஷும் ஒரு காரணம்.

இதெல்லாம் ஆம்பளைக் கதை. பொம்பளைகள் எங்கே? பின் சீட்டில்!

டாக்டராக இருந்தாலும் சரி, கல்லூரிப் பேராசிரியையாக இருந்தாலும் சரி, சவுதிப் பெண்ணுக்குப் பின் சீட்டுதான். ஓட்டுவதற்குப் புருஷன், அண்ணன், தம்பி, இல்லையென்றால் இந்தியாவிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த ஒரு டிரைவர். அப்படி லட்சக்கணக்கில் டிரைவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நம்ம அண்ணாச்சி.

சாத்தூர்ப் பக்கம். சிவகாசியிலிருந்து வடக்கே லாரியில் பட்டாசு லோடு ஏற்றிப் போனவர். "தம்பி, வெடி லோடு ஓட்டுனவன் நானு. பள்ளத்துல எறங்குனா டயர் குலுங்குறதுக்கு முன்னால என் நெஞ்சு குலுங்கும்" என்பார். ஒரு டீச்சரம்மா வீட்டில் ஹவுஸ் டிரைவர். மாசம் 1,500 ரியால். காம்பவுண்டு வாசலில் ஒற்றை அறை. காலை ஐந்தரைக்குப் பிள்ளைகள், அப்புறம் டீச்சரம்மா, மத்தியானம் திரும்பக் கூட்டி வருவது, சாயங்காலம் மால், ராத்திரி கல்யாணம். அங்கே கல்யாண வீடு விடிகிற நேரத்துக்குத்தான் முடியும். அதுவரை காரிலேயே தூக்கம். ஓட்டின நேரத்தைவிட இவர் காத்திருந்த நேரம்தான் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் லீவு கிடைத்தால் தம்மாம் 'சீக்கோ' பக்கம் வருவார். நம்ம ஆட்கள் கூடுகிற இடம் அது. அங்கேதான் பழக்கம்.

என் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது. 2008-ல் மனைவியை அழைத்துப் போனேன். இரண்டு குழந்தைகள். ஃபிளாட்டில் மூன்றாவது மாடி. பிரிட்ஜ் கதவில் ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கும்: பால், கருவேப்பிலை, பையன் ஷூ. நான் வந்துதான் வாங்க வேண்டும். ஒரு நாள் சின்னவனுக்கு மத்தியானம் ஜுரம் ஏறி வலிப்பு மாதிரி வந்துவிட்டது. நான் ஜுபைலில், சைட் ஆபீஸில். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். முன்பின் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், தனியாக டாக்ஸி ஏறப் பயந்து, ஈரத்துணியைப் போட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி! பையன் பிழைத்துக்கொண்டான். அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் என் கார், ஆபீஸ் வண்டியில் நான் போனதால், சாவியோடு சும்மா நின்றது.

அதற்காக அந்த ஊர்ப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 1990 நவம்பர் 6-ம் தேதி, குவைத் சண்டைக்காக அமெரிக்கப் படை வந்து இறங்கியிருந்த நேரம், ரியாத்தில் 47 பெண்கள் கார்களை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வேலை போனது, பாஸ்போர்ட் பறிபோனது. 2011 மே மாதம் எங்கள் பக்கத்து அல் கோபரில் மனால் அல் ஷரீஃப் என்ற பெண் கார் ஓட்டி, அதைப் படமும் எடுத்து வெளியிட்டார். ஒன்பது நாள் ஜெயில். வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்த அரம்கோ எண்ணெய்க் கம்பெனியின் காம்பவுண்டுக்குள் பெண்கள் தாராளமாக ஓட்டலாம். கேட்டைத் தாண்டினால் குற்றம்! கடல் பாலம் வழியாக 25 கிலோமீட்டர் போனால் பஹ்ரைன், அங்கேயும் ஓட்டலாம். வார லீவுக்கு சவுதிக் குடும்பங்கள் சினிமா பார்க்கப் போவதும் அங்கேதான்.

2013-ல் ஒரு மார்க்க அறிஞர், கார் ஓட்டினால் பெண்களின் சினைப்பைக்குக் கெடுதி என்றார். ஆபீஸில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. தொண்ணூறுகளில் என் அக்கா சைக்கிள் கேட்டபோது எங்கள் அப்பத்தா இதையேதான் சொன்னாள், கொஞ்சம் கொச்சையாக.

2017 செப்டம்பர் 26 ராத்திரி, மன்னர் சல்மானின் உத்தரவு டி.வி.யில் வந்தது: பெண்கள் ஓட்டலாம், அடுத்த ஜூனிலிருந்து! அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, நம்ம சோலி முடிஞ்சதா?"

அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் எல்லாமே வேகம். 2016-லேயே முத்தவா என்கிற மார்க்கப் போலீசிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். 2018 ஜனவரியில் பெண்கள் ஃபுட்பால் மைதானத்துக்குள் வந்தார்கள். ஏப்ரலில் ரியாத்தில் சினிமா தியேட்டர். ஆனால் கதவு ஒரே மாதிரி எல்லோருக்கும் திறக்கவில்லை. கார் உரிமைக்காக வருஷக்கணக்காகக் குரல் கொடுத்த லுஜைன் அல் ஹத்லூல் உள்ளிட்ட பெண்களை, தடை நீங்குவதற்குச் சில வாரம் முன்னால், மே மாதத்தில் பிடித்துப் போட்டார்கள். லுஜைன் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில்தான். எங்களுக்கோ வேறு கதவு மூடியது. 2017 ஜூலையிலிருந்து வெளிநாட்டுக்காரன் கூட வைத்திருக்கும் ஒவ்வொரு தலைக்கும் மாசம் 100 ரியால் வரி. வருஷா வருஷம் இன்னொரு நூறு கூடும். என் வீட்டில் மூன்று தலை. கணக்கு எழுதுகிறவனுக்குக் கூட்டத் தெரியாதா? முதல் வருஷம் 3,600, நாலாவது வருஷம் 14,400. 2018 ஏப்ரலில் குடும்பத்தை விஸ்வநத்தத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24. நடுராத்திரி பன்னிரண்டு அடித்ததும் கோபர் கடற்கரை ரோட்டுக்குப் போனோம். ஒரு பெண் ஜன்னலை இறக்கி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனாள். பின் சீட்டில் வயசான அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊருக்குப் போன் அடித்து மனைவியை எழுப்பினேன். "இங்கே பொம்பளைங்க கார் ஓட்ட ஆரம்பிச்சாச்சு! நான் கண்ணால பார்த்தேன்!"

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். அப்போது அவள் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "அப்ப எனக்கு எப்பங்க ஸ்கூட்டி வாங்கித் தருவீங்க?"

இரண்டு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டில் லாரி, ரோட்டில் மினி பஸ், மழை, வெயில், ஊர் என்ன சொல்லும்... நானும் தினுசு தினுசாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த மாநிலத்தில்? 1991-92-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட புதுக்கோட்டை இருக்கிற மாநிலத்தில். 1993-லேயே வசந்தகுமாரி அரசு பஸ்ஸுக்கு டிரைவரான மாநிலத்தில். அதே 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, 25,000 ரூபாய் வரைக்கும், மானியம் ஆரம்பித்த மாநிலத்தில்!

"ஹலோ... ஹலோ... லைன் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது.

அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். டீச்சரம்மா டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிப் படித்தார். ஆனால் ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தது அண்ணாச்சிதான், ஊருக்கு வெளியே அவர்கள் தோட்ட வீட்டு மதிலுக்குள். "ஷ்வே ஷ்வே மேடம், ஷ்வே ஷ்வே!" (மெதுவா, மெதுவா.) "உங்க வேலைக்கு நீங்களே வேட்டு வைக்கிறீங்களே அண்ணாச்சி?" என்றேன். "தப்பா ஓட்டிப் பிள்ளைகளோட போய் மோதிட்டான்னா? பதினோரு வருஷம் நான் கொண்டுபோய் விட்ட பிள்ளைக தம்பி" என்றார்.

லைசென்ஸ் வந்த அன்றைக்கு டீச்சரம்மா ஸ்டீயரிங்கில். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அண்ணாச்சியைப் பின்னால் ஏறச் சொல்லியிருக்கிறார். "தம்பி, அந்தக் காருக்குப் பின் சீட்டுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல. மடியில வச்சேன், கதவுல வச்சேன்... பிரேக்கை மட்டும் அமுக்கிக்கிட்டே வந்தேன், இல்லாத பிரேக்கை!"

உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஒன்றரை வருஷம் பிள்ளைகளுக்காக வைத்திருந்தார்கள். அப்புறம் பாக்கி இல்லாமல் கணக்குத் தீர்த்து, மதினிக்கு ஒரு மோதிரமும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது சாத்தூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பாதி சம்பளம்கூட வராது. "சந்தோஷமா அண்ணாச்சி?" என்றால், "ராத்திரி என் வீட்டுல தூங்குறேன்ல" என்பார். கடைசிப் பொண்ணு கல்யாணக் கடன் இன்னும் பாக்கி. அதையும் அவரேதான் சொல்வார், அதே மூச்சில்.

நான் 2019 டிசம்பரில் மூட்டை கட்டினேன். அதற்குப் பிறகு அங்கே எவ்வளவோ மாறிவிட்டது. தொழுகை நேரத்தில் கடை அடைக்கும் கட்டாயம் 2021-ல் தளர்ந்தது. 2023 தொடக்கத்தில் மெக்கா - மதீனா அதிவேக ரயிலை ஓட்ட 32 பெண்கள் பயிற்சி முடித்தார்கள். எனக்கு அந்த டீச்சரம்மா ரிவர்ஸ்தான் ஞாபகம் வந்தது.

கொழும்பு வழியாக மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து சிவகாசி பஸ் ஸ்டாண்டு வந்தபோது விடிந்துவிட்டது. கிராமங்களிலிருந்து பட்டாசு ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றி வரும் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பெரிய பெட்டிகளைக் கார்கோவில் போட்டிருந்தேன். கையில் ஒரு பை. ஆட்டோ தேடினேன்.

"ஏங்க..."

பச்சை கலர் ஸ்கூட்டி. மேலே என் மனைவி. சொந்தச் சம்பளத்தில், தவணையில். ஏழு மாசமாக என்னிடம் மூச்சு விடவில்லை! பையனும் சேர்ந்து மறைத்திருக்கிறான். ஹெல்மெட்டை நீட்டினாள்.

"நான் ஓட்டட்டுமா?" என்றேன்.

"பதினாறு வருஷமா ராங் சைடுல ஓட்டின ஆளு. பின்னால உட்காருங்க."

உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே ஒரு லாரி வந்தது. காலால் பிரேக்கைத் தேடினேன்.

"காலை ஆட்டாம வாங்க. வண்டி ஆடுது" என்றாள், விஸ்வநத்தம் பக்கம் திருப்பிக்கொண்டே.