மறுகால் பாயும் ஒளி

கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குக் கண்மாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் விரல் விரலாக ஏறும். மறுகால் விளிம்பைத் தொடும்வரை அந்த வழியே ஒரு சொட்டும் வெளியேறாது. தொட்டுவிட்டால், அதன்பின் வரும் நீரெல்லாம் பாய்ந்தோடும்.

லேசர் டையோடும் இப்படித்தான். கடுகைவிடச் சிறிய அந்தப் படிகத் துண்டில் சிறிதளவு மின்னோட்டம் செலுத்தினால் சாதாரணமாக மங்கி ஒளிரும். மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் லேசர் ஒளி பீறிடும். அந்த அளவுக்கு 'வாயில் மின்னோட்டம்' என்று பெயர்.

இதற்கு வேண்டிய மின்சுற்றையும் கூட்டையும் இடைசெவலில் இருக்கும் ஒரு மாணவர் தாமே செய்ய முடியுமா? முடியும். முதல் லேசர் டையோடு பிறந்ததிலேயே ஒரு பொழுதுபோக்குக் கைவேலைக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1962-இல் அதைச் செய்தவர் ராபர்ட் ஹால். இளமையில் தொலைநோக்கிக் கண்ணாடிகளைத் தாமே தேய்த்துப் பழகியவர். படிகத்தின் எதிரெதிர் முகங்களைக் கண்ணாடிபோல் மெருகேற்றும் யோசனைக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்தது. திரவ நைட்ரஜன் குளிரில்தான் அது இயங்கியது. 1970-இல்தான் அறை வெப்பநிலையில் தொடர்ந்து ஒளிரும் டையோடுகள் வந்தன.

இனி வேலைக்கு வருவோம். டையோடை நேரே பேட்டரியில் இணைத்தால் என்ன? கெட்டுப்போகும். மின்னழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் பலமடங்கு எகிறும். படிகம் சூடேறினால் இன்னும் கூடும். ஒளி வெளிவரும் முகப்பு உருகி, அது வெறும் மங்கல் விளக்காகிவிடும். ஆகவே நாம் கட்டுப்படுத்த வேண்டியது மின்னழுத்தத்தை அல்ல, மின்னோட்டத்தை.

இதற்கு எல்.எம்.317 என்ற மூன்று கால் ஐ.சி. போதும். அதன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும். அங்கே 47 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், 1.25 ÷ 47, அதாவது சுமார் 27 மில்லி ஆம்பியர் ஓடும். மின்தடையும் சரிசெய் காலும் சேரும் முனையிலிருந்து அந்த மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 9 வோல்ட் பேட்டரி போதுமானது. சிறிய சிவப்பு டையோடுகள் பலவற்றுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். ஆனால் உங்கள் டையோடின் விவரத்தாளைப் பார்த்தே மின்தடையைத் தேர்ந்தெடுங்கள்.

உடனே லேசரை இணைத்துவிடாதீர்கள்! மூன்று சாதாரண சிலிக்கன் டையோடுகளையும் ஒரு 1 ஓம் மின்தடையையும் வரிசையாக இணைத்து, லேசருக்குப் பதிலாக வையுங்கள். 1 ஓம் மின்தடையின் முனைகளில் 27 மில்லி வோல்ட் காட்டினால் 27 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். வெளியீட்டில் மின்தேக்கி வைத்திருந்தால், பேட்டரியைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் கம்பியால் தொடுத்து, மின்னேற்றத்தை வடித்த பிறகே லேசரை இணைக்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவர்களிடம் இந்த இடத்தில் டையோடுகள் சாவதுண்டு.

கூடு என்பது அழகுக்காக அல்ல, வெப்பத்தை வெளியேற்றவே. கோவில்பட்டி லேத் பட்டறை ஒன்றில் அலுமினியத் துண்டைக் கடைந்து, 5.6 மில்லி மீட்டர் டையோடு இறுக்கமாக உட்காரும்படி துளையிட்டு வாங்கலாம். பிளாஸ்டிக் குழாய் உதவாது.

கண்ணைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். டி.வி.டி. ரைட்டரிலிருந்து கழற்றிய டையோடு வேண்டவே வேண்டாம். இமை மூட ஏறத்தாழ கால் நொடி ஆகும். அதற்குள் அது விழித்திரையைச் சுட்டுவிடும். சி.டி. பிளேயர் டையோடும் வேண்டாம். அதன் 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகவே தெரிவதால் இமை மூடவே மூடாது. 5 மில்லி வாட்டுக்கு மேற்படாத சிவப்பு டையோடையே எடுத்து, ஆசிரியர் அருகிலிருக்க, பளபளப்பில்லாத அட்டையை நோக்கி, கண்மட்டத்துக்குக் கீழே பொருத்தி இயக்குங்கள். கதிர் வரும் திசையில் யாரும் குனியக்கூடாது.

முதலில் 100 ஓம் மின்தடை வைத்துப் பாருங்கள். அட்டையில் மங்கலான, மழமழப்பான சிவப்பு விழும். பிறகு 47 ஓம். ஒளி பளிச்சென்று மாறி, மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக மினுங்கினால் மறுகால் பாய்ந்துவிட்டது! வெப்பம் ஏறினால் வாயில் மின்னோட்டமும் ஏறும். எனவே இதே அளவை மார்கழிக் காலையில் ஒருமுறையும் சித்திரை நண்பகலில் ஒருமுறையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.